அலுமாரிக்குள் இருந்த டொலர்கள்

இந்த மாத வேதபாடம்: நாட்டின் நாணயம் விழும்போது விசுவாசி என்ன செய்வது?



இந்த மாதப் பாடம் காசைப் பற்றியது. "பாஸ்டர் காணிக்கை கேட்கப்போறார்" என்று பயப்படாதேயுங்கோ! 2022ஆம் ஆண்டில் நம்முடைய ரூபாய் விழுந்தபோது நாட்டில் நடந்ததையும், அதில் நான் செய்ததையும் பற்றிய பாடம் இது. இத்தனை நாளும் எழுதக் கூச்சமாக இருந்தது. அண்மையில் ஒரு வாலிபத் தம்பி என்னிடம், "பாஸ்டர், அடுத்த முறை அரசாங்கம் ஆடினால் டொலர் வாங்கிப் போட்டால் நல்லதோ?" என்று கேட்டார். இனியும் மௌனமாக இருப்பது சரியில்லை என்று எழுதுகிறேன்.

1. ரூபாய் ஏன் விழுந்தது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். கிழமை நாட்களில் நான் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறவன், ஆதலால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 முடிவில் நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு 7.6 பில்லியன் டொலர். 2022 மார்ச் முடிவில் 2 பில்லியனுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி சீனாவோடு செய்த நாணயப் பரிமாற்றக் காசு, நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாதது. வரிகளைக் குறைத்தார்கள், கொரோனாவால் சுற்றுலாப் பயணிகள் வரவில்லை, கடன் தவணையோ நிற்கவில்லை.

அப்படியிருந்தும் மத்திய வங்கி மாதக்கணக்காக டொலரை 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்திருந்தது. வெளியே உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார்கள். கட்டாரில் வெயிலில் நின்று உழைக்கிற பிள்ளை எதில் காசு அனுப்புவான்? நீங்களே சொல்லுங்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் முறைப்படி அனுப்பிய பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்தது. 2021இல் அது 5.5 ஆனது, 2022இல் 3.8 ஆனது.

2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மார்ச் முடிவில் டொலர் 300ஐ நெருங்கியது. மே நடுவில் 360 அளவுக்குப் போய்விட்டது.

ஆகவே ரூபாயை விழுத்தியது டொலர் பதுக்கியவர்கள் மட்டும் என்று சொன்னால் அது பொய். சுவர் ஏற்கெனவே உளுத்துப்போயிருந்தது. ஆனால் உளுத்த சுவரில் ஆளுக்கொரு கை வைத்துத் தள்ளினோமா இல்லையா? அதுதான் கேள்வி.

2. நான் செய்தது

அந்த ஏப்ரலில் நம்முடைய மண்டபக் கூரைக்காகச் சேர்த்த காசு வங்கியில் கிடந்தது. குழுவில் ஒரு சகோதரர், "பாஸ்டர், ரூபாயா வச்சிருந்தா கரைஞ்சுபோகும். டொலராக்குவம். கோட்டா போனால் ஐந்நூறுக்குப் போகும், இருந்து பாருங்கோ" என்றார். நானும் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன். அப்போது ஒரு வயதான அம்மா எழும்பி, "கூரைக்கெண்டுதானே தந்தனாங்கள்? தகரத்தை வாங்குங்கோ" என்றார். அத்தோடு கதை முடிந்தது. விலை கூடத்தான், ஆனால் தகரம் வாங்கினோம். இன்றைக்கு அதற்குக் கீழேதான் நாம் ஆராதிக்கிறோம்.

ஆனால் வீட்டுக்குப் போய் நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மனைவியின் சீட்டுக்காசு உட்பட 3,12,000 ரூபாயை எடுத்து, மே முதற் கிழமையில் தெரிந்த ஒரு ஆளிடம் டொலர் 390 ரூபாய்ப்படி 800 டொலர் வாங்கினேன். உத்தரவுபெற்ற வங்கியோ நாணயமாற்றுநரோ அல்லாத ஆளிடம் வாங்குவது சட்டத்துக்கு மாறானது என்பதும் எனக்குத் தெரியும். நூறு டொலர்த் தாள் எட்டு, அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே.

மே 9ஆம் திகதி வந்தது. காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களைத் தாக்கினார்கள். பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். இரவில் வீடுகள் எரிந்தன, உயிர்களும் போயின. போனில் அந்தச் செய்தியைப் பார்த்தபோது என் மனதில் வந்த முதல் எண்ணம் என்ன? "இனி டொலர் ஏறும்."

பிரியமானவர்களே, அன்றிரவும் நான் முழங்கால் படியிட்டு நாட்டுக்காக ஜெபித்தேன். என் வாய் சமாதானம் கேட்டது. என் அலுமாரி கலவரம் கேட்டது!

3. சேமிப்பா, பந்தயமா?

யோசேப்பு தானியம் சேர்த்தான் (ஆதியாகமம் 41). விளைச்சல் நிரம்பிய காலத்தில் சேர்த்து, பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைத் திறந்தான். ஆமோஸ் கண்டித்த வியாபாரிகளோ (ஆமோஸ் 8) ஏழையின் தேவையையே இலாபமாகப் பார்த்தார்கள். இரண்டு பேர் கையிலும் தானியம்தான். ஒருவன் ஜனங்கள் பிழைக்கவேண்டும் என்று சேர்த்தான். மற்றவர்கள் ஜனங்களின் நெருக்கத்தில் சம்பாதிக்கப் பார்த்தார்கள்.

வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வங்கியில் டொலர் வாங்குவது தேவை. மகன் அனுப்பிய டொலரை வங்கிக் கணக்கில் டொலராகவே வைப்பது சேமிப்பு. தேவை எதுவும் இல்லாமல், இன்னும் விழும் என்று காத்திருந்து வாங்குவது பந்தயம். சோதித்துப் பார்க்க ஒரு சின்ன வழி சொல்லுகிறேன்: நாடு நிமிர்ந்தால் எனக்கு நட்டம் என்றால், நான் நாட்டுக்கு எதிராகப் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

அந்த நாட்களில் எரிபொருள் கப்பல்கள் வந்து, கட்ட டொலர் இல்லாமல் கடலில் காத்துக் கிடந்தன. ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை. நம் சபைச் சகோதரிகள் வெறும் சிலிண்டரோடு விடிய விடிய வரிசையில் நின்றார்கள். என் 800 டொலரால் ஒரு கப்பல் வந்திருக்காது, உண்மைதான். ஆனால் என்னைப்போல எத்தனை அலுமாரிகள்!

4. கடைசியில் நடந்தது

ஜூலை 13ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டுப் போனார். அடுத்த நாள் பதவி விலகல் கடிதம் அனுப்பினார். டொலர் ஐந்நூறுக்குப் போனதா? இல்லை, 360 அளவிலேயே நின்றது. ஏனென்றால், மே நடுவிலிருந்து மத்திய வங்கி அன்றாட வழிகாட்டலால் விலையை அந்த அளவில் பிடித்து வைத்திருந்தது; தேநீர்க் கடை வரைக்கும் வந்த பயமும் ஏற்கெனவே விலைக்குள் ஏறியிருந்தது. நாங்கள் கடைசியாக ஓடிப்போய் உச்ச விலையில் பயத்தை வாங்கினோம்.

ஏப்ரல் 8ஆம் திகதியே மத்திய வங்கி வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளி உயர்த்தியிருந்தது. 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் கடனுக்கு அனுமதி கொடுத்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணமும் அந்த வருடம் கிட்டத்தட்ட 6 பில்லியனுக்குத் திரும்பியது. ஜூன் மாதத்தில் டொலர் 300க்குக் கீழே வந்தது. நான் 290க்கு மாற்றினேன். கிடைத்தது 2,32,000. நட்டம் 80,000 ரூபாய். வங்கியில் ஒரு வருட வைப்பில் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்கும். சாமான் விலை ஏறிய ஏற்றத்துக்கு அதுவும் காணாதுதான். ஆனாலும் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசியிருப்பேன்.

நேர்மையாக இதையும் சொல்லவேண்டும். 2022 ஜனவரியில் வாங்கியவர்கள் இலாபம் கண்டார்கள். ஆகவே "பந்தயம் கட்டினால் நட்டம் வரும்" என்பதல்ல இந்தப் பாடம். எனக்கு 80,000 இலாபம் வந்திருந்தாலும், மே 9ஆம் திகதி என் இருதயம் இருந்த இடம் அதே இடம்தான். அதுவே என்னைக் குத்துகிறது.

2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பும் "டொலர் வாங்குங்கோ" என்ற கதை என் காதில் விழுந்தது. இந்த முறை நான் வாங்கவில்லை. ரூபாயும் 300 அளவில் நின்றது. ஆனால் அது ஏறியிருந்தாலும் நான் நிம்மதியாகத்தான் நித்திரை கொண்டிருப்பேன்.

சிந்திக்க:

அ. எங்கள் வீட்டுச் சேமிப்பில் எது தேவைக்கு, எது பந்தயத்துக்கு?

ஆ. அயலவனுக்கு வரும் எந்தக் கெட்ட செய்தி எனக்கு இலாபமாகும்?

இ. அந்த அம்மாவைப்போல, "எதற்கென்று தந்தோம்?" என்று கேட்கும் தைரியம் நமக்கு உண்டா?

இவற்றைக் குடும்ப ஜெபத்தில் பேசிப் பாருங்கள். அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்: தேவைக்கு வாங்கு, வங்கியில் வாங்கு. நாட்டுக்காக ஜெபிக்கிற வாய்க்கும் வீட்டு அலுமாரிக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள். ஆமென்.