மண்ணும் மாசுதான்

"மண்ணுதானே சார், மருந்தா கலந்துச்சு?" கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் தளம் வெட்டும் குத்தகைக்காரரும் இதைத்தான் சொல்கிறார், தொழிற்சாலை மேற்பார்வையாளரும் இதைத்தான் சொல்கிறார். மழை பெய்தால் ஆறு கலங்கத்தானே செய்யும், அதற்கெல்லாமா சுற்றுச்சூழல் துறை வழக்குப் போடும் என்று எதிர்க்கேள்வி வேறு. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம், மாசுப்பொருள் எது என்று சொல்லும் இடத்திலேயே இயற்கைப் பொருளையும் செயற்கைப் பொருளையும் சேர்த்தே சொல்கிறது. ஆற்றுநீரின் தரத்தைக் கணக்கிடத் துறை ஆறு அளவுகளை எடுக்கிறது. நீரில் மிதக்கும் திடப்பொருள் அவற்றில் ஒன்று. 2009 விதிகளின்படி, தொழிற்சாலைக் கழிவுநீரில் அது லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ஆலைக்கு வரம்பு 50 தான்.

சட்டம் வேண்டாம் என்றால் அணையைப் போய்ப் பாருங்கள். ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் முடிந்தது. பெர்த்தாம் ஆற்று நீரோடு, சுரங்க வழியாகத் தெலோம் ஆற்று நீரும் சேர்ந்து மின்சாரம் தரும் ஏற்பாடு அது. மேலே காட்டை வெட்டிக் காய்கறிக்கும் பூவுக்கும் சாலைக்கும் தளம் போட்டபோது கழன்ற மண் எல்லாம் அந்த நீர்த்தேக்கத்தில்தான் போய்ப் படிந்தது. அணையை நடத்தும் தெனாகா நேஷனல் மின் நிறுவனம் அதைத் தோண்டி எடுத்துக்கொண்டே இருக்கிறது. மண்ணும் வந்துகொண்டே இருக்கிறது. வண்டல் ஏறிய தேக்கத்தால் ஒரு பெருமழையைத் தாங்கி நிறுத்த முடியாது, அது சீக்கிரம் நிரம்பும். 2013 அக்டோபர் 23 அதிகாலையில் அணை நீரைத் திறந்துவிட்டார்கள். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் வீடுகளுக்குள் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோயின. நள்ளிரவு தாண்டித் திறந்தது சரியா, எச்சரிக்கை போதுமா என்ற மக்களின் கேள்வி நியாயமானது. அதைச் சாக்கிட்டு, மேலே மண்ணைத் தள்ளியவர்கள் தப்பிக்கக்கூடாது.

தேயிலைத் தோட்டம் பச்சையாக இருக்கிறதே, அங்கிருந்து என்ன வரும் என்கிறார்கள். முற்றிய தேயிலைப் புதர் மண்ணை நன்றாகவே பிடிக்கும், காய்கறித் தளத்தைவிடப் பல மடங்கு மேல். ஆனால் மறுநடவுக்கு வெட்டிய சரிவும் ஆலைக்குப் போகும் மண் பாதையும் அப்படியல்ல. கழன்று வரும் மண்ணை அங்கேயே குழி வெட்டி நிறுத்த வேண்டும். மழைக்கு முன்னால் அந்தக் குழியைத் தூர்வார வேண்டும். தூர்வாராத குழி இருந்தும் பயனில்லை.

மற்றத் தவறான எண்ணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்பது தவறு. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. கழிவுநீரில் நல்ல நீரை ஊற்றி வரம்புக்குள் கொண்டுவருவதை விதி நேரடியாகவே தடுக்கிறது. பட்டறையின் பழைய எஞ்சின் எண்ணெயும் பூச்சிமருந்து ஒட்டிய காலி டின்னும் சட்டம் பட்டியலிட்ட கழிவுகள். 180 நாளுக்குமேல் வைக்கக்கூடாது. டின்னைக் கழுவித் தண்ணீர் பிடிக்கும் வேலையை இன்றோடு நிறுத்துங்கள். அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்பவர்களுக்கு: 2024 ஜூலை முதல் உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட்.

ஒன்றை நான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுவனங்கள் தங்களைத் தாங்களே கண்காணிக்கக் குழு அமைக்கச் சொல்கிறது துறை. அந்தக் குழுவில் மேலாளரும் ஆலோசகரும் மட்டும் உட்கார்ந்தால் போதாது. மண் எங்கே சரிகிறது, எந்தக் குழாய் இரவில் திறக்கிறது என்பது கங்காணிக்கும் மருந்தடிக்கும் தொழிலாளிக்கும்தான் முதலில் தெரியும். அவர்களில் இருவருக்கு நாற்காலி போடுங்கள். மாதாந்திர அளவுகளை மலாயிலும் தமிழிலும் வங்காள மொழியிலும் ஆலை வாசல் பலகையில் எழுதி வையுங்கள்.