சொல் அறிவோம்: சனத்தொகை

ஓர் இடத்தில் குறித்த காலத்தில் வசிக்கும் எல்லோரினதும் எண்ணிக்கையே சனத்தொகை. நேற்றுப் பிறந்த குழந்தையும் ஒருவர். படுக்கையிலுள்ள அம்மம்மாவும் ஒருவர். குடும்ப எண்ணிக்கை வேறு. வாக்காளர் இடாப்பும் வேறு; அதில் சிறுவர்கள் இல்லை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை 379,541. அப்போது சம்பூர் மக்கள் பலர் கொட்டியாரக்குடாக் கரையிலிருந்த தம் ஊரில் அல்ல, கிளிவெட்டி போன்ற இடங்களிலுள்ள முகாம்களில் வசித்தார்கள். ஊர் அவர்களுடையது, ஊரின் சனத்தொகையில் அவர்கள் இல்லை.

ஊர் திரும்பியதும் குடும்பத்தில் உள்ள அனைவரையும் கிராம உத்தியோகத்தரிடம் பதியுங்கள். “எத்தனை குடும்பம்?” என்றால் குடும்பங்களைச் சொல்லுங்கள், “சனத்தொகை எவ்வளவு?” என்றால் ஆட்களை எண்ணிச் சொல்லுங்கள். குடிநீர், பாடசாலை, வைத்தியசாலை எல்லாம் அந்த எண்ணிக்கையைப் பார்த்தே திட்டமிடப்படுகின்றன.