கால்டுவெல் என்னும் பெயர்

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயரை அறியாத தமிழ் மாணவர் இலர். அவர் பெயரின் பொருளையோ நாம் வினவுவதில்லை. அவர்க்கு இட்ட பெயர் இராபர்ட்டு என்பதே. கால்டுவெல் என்பது குடிப்பெயர். பழைய ஆங்கிலத்தில் 'கால்டு' குளிர்ச்சியையும், 'வெல்லா' நீரூற்றையும் குறித்தன. 'வெல்' இன்று கிணற்றைக் குறித்தல் கொண்டு குளிர்ந்த கிணறு எனக் கொள்ளற்க. பண்டைப் பொருள் ஊற்றே. ஊற்றின் பெயர் ஊர்க்கும், ஊரின் பெயர் குடிக்கும் ஆகி வந்தமையின், இதனை இருமடியாகுபெயர் போல்வது எனலாம்.

ஊர்ப்பெயர் மாந்தர் பெயரோடு ஒட்டுதல் நமக்கும் புதிதன்று. இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரைப் புரந்த வள்ளலை மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் என்றே வழங்குகின்றோம். மணலி புதுநகரில் வாழும் நமக்கு இஃது அண்மைச் சான்றாம்.

ஆயினும் வழக்கில் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலேயர்க்குக் குடிப்பெயர் தலைமுறைதோறும் தொடரும். தமிழ்க் கிறிஸ்தவரோ கால்டுவெல் என்பதைப் பிள்ளைக்கு இடும் பெயராக்கினர். அப்பிள்ளையின் மக்கட்கு அது 'கா.' என்னும் தலையெழுத்தாகச் சுருங்கும். பேரர் காலத்து அதுவும் மறையும்.

பொருளறியாது இட்டனர் என இகழலாமோ? ஆங்கிலத்தில் அப்பெயர்க்குப் பொருள் குளிரூற்று. தமிழகத்தில் அதற்குப் பொருள் அப்பெரியார் செய்த தொண்டே. அதனை அறிந்தே இட்டனர்.