கருவியின் பக்கத்தில் ஓர் ஆசிரியர்



செஞ்சிக்குக் கிழக்கே உள்ள திண்டிவனத்தில், உதவ ஒரு பெண் மருத்துவர் இல்லாததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மரித்தனர். அதைக் கண்டே ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் படிக்கச் சென்றார் என்பதை நீங்கள் அறிவீர்கள். பின்னர் அவர் வேலூரில் 1909-இல் செவிலியர் பயிற்சியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். மூத்தவரின் கையைப் பார்த்துத் தன் கையால் செய்து பழகுவதே அன்றைய பாடம். இன்று மாணவர் பலர், கற்றுக்கொடுக்கும் மூத்தவர் சிலர். இக்குறையில் கைகொடுக்கும் எளிய சாதனம் ஒன்றைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம்.

டீக்கடையில் பணம் செலுத்தக் கைப்பேசியைக் காட்டுகிறோமே, அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம்தான் அது. கியூ.ஆர். கோடு எனப்படும் இதை 1994-இல் ஜப்பானில் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கினார்கள். 2018-இல் வந்த தமிழ்நாட்டின் புதிய பள்ளிப் பாடநூல்களிலும் இது அச்சாகியுள்ளது.

இதே கட்டத்தை இரத்த அழுத்தக் கருவியில் ஒட்டிவைத்தால், மாணவி கைப்பேசியைக் காட்டியதும் செய்முறைப் படம் ஓடும். நோயாளி 5 நிமிடம் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும், முதுகு சாய்ந்தும் பாதங்கள் தரையில் படிந்தும் இருக்க வேண்டும், பட்டையைச் சட்டையின்மேல் அல்ல, வெறுங்கையில், இருதயத்தின் மட்டத்தில் சுற்ற வேண்டும், அளக்கும்போது பேசக்கூடாது. இவை சிறு காரியங்கள் அல்ல. பட்டை சிறிதாயிருந்தாலும், கை தாழ்ந்திருந்தாலும் அளவு கூடுதலாகக் காட்டும். தேவையற்ற மாத்திரையை ஓர் ஏழை ஆயுள் முழுவதும் விழுங்க நேரிடலாம்.

தேசூரை அடுத்த சீயமங்கலம் போன்ற சிற்றூருக்கு வேலைக்குப் போகும் இளம் செவிலியருக்குச் சந்தேகம் கேட்க அருகில் மூத்தவர் இல்லாமற்போகலாம். கேட்க வெட்கப்படுகிறவர்களும் உண்டு. அங்கே இக்கட்டம் நல்ல துணை. அவ்வூர்க் குகைக்கோயிலில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்வெட்டைத் திருத்த முடியாது. ஆனால் சிகிச்சை முறை மாறும்போது, ஒட்டிய கட்டத்தை மாற்றாமலே அது காட்டும் படத்தைப் புதுப்பிக்கலாம். அதற்குப் பொறுப்பாக ஒருவரை நியமிப்பது அவசியம்.

மூன்று காரியங்களை மறக்கலாகாது.

1. கைப்பேசியில் கிருமிகள் உண்டு. படத்தைப் பார்த்து முடித்து, கைப்பேசியை வைத்துவிட்டு, 40 முதல் 60 விநாடி சோப்பால் கைகழுவிய பின்பே நோயாளியைத் தொட வேண்டும்.

2. பாடப் படத்தில் நோயாளியின் முகம் அவரது சம்மதமின்றி வரக்கூடாது.

3. படம் காட்டும், பார்க்காது. மாணவி பட்டையைத் தளர்வாகச் சுற்றினால் அது 'நில்லம்மா' என்று சொல்லாது. முதலில் பொம்மையிலோ சக மாணவியிடமோ பழகி, மூத்தவர் பார்த்து 'சரி' என்ற பின்பே நோயாளியிடம் போக வேண்டும்.

மருத்துவக் கல்லூரிகளில் 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் இத்தகைய பயிற்சிக்கூடத்தைக் கட்டாயமாக்கியது. அந்தக் கூடத்திலும் கட்டம் ஒட்ட அதிகச் செலவில்லை. மூத்த செவிலியர் ஒருவரை வார்டு வேலையிலிருந்து விடுவித்து, மாணவியின் பக்கத்தில் நிறுத்துவதற்கே செலவாகும். நோயாளிகளின் கட்டிலருகே நாள்தோறும் அமர்கிற நாங்கள், அந்தச் செலவைக் குறைக்கலாகாது என்றே கருதுகிறோம்.