கிட்னி கொடுக்க யார் பொருத்தம்?



"ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தப் பிரிவுதானே சார், என் கிட்னி அவருக்குச் சேராதா?" என்று கேட்கிற தாய்மார்கள் உண்டு. ரத்தப் பிரிவு முதல் படிதான். அதற்கு மேல் திசுப் பொருத்தம் என்று ஒன்று இருக்கிறது.

பசு தன் கன்றை மோந்து பார்த்துத்தான் மடி கொடுக்கும். வேற்றுக் கன்று வந்தால் உதைக்கும். நம் ரத்த வெள்ளணுக்களில் 'டி அணு' என்ற வகைக்கும் இந்தக் குணம் உண்டு. உடம்பிலுள்ள அணுக்கள் தமக்குள் இருக்கும் புரதத்தின் சிறு துணுக்குகளை வெளிப்புறத்தில் நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கும். துணுக்கைத் தாங்கும் கிண்ணம் போன்ற பொருளுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். டி அணு கிண்ணத்தையும் துணுக்கையும் சேர்த்தே தடவிப் பார்க்கும். இரண்டும் நம்முடையது என்றால் விட்டுவிடும். நம் கிண்ணத்தில் கிருமியின் துணுக்கு இருந்தால் அந்த அணுவை அழிக்கும். கிண்ணமே வேற்றாளுடையது என்றால் அதையும் பகையென்று எண்ணிப் பெருகிப் பாயும். வைத்த கிட்னி கெடுவது இதனால்தான். நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில்தான் டி அணு இந்தப் பாடத்தைப் படித்து வருகிறது.

இந்தக் கிண்ணங்களில் ஒரு வரிசை அப்பாவிடமிருந்தும் ஒரு வரிசை அம்மாவிடமிருந்தும் வருகிறது. ஆகவே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதிப் பொருத்தம் உண்டு. கூடப்பிறந்தவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒன்றுமே சேராமல் போகவும் நாலில் ஒரு பங்கு. புருஷன் பெண்சாதிக்குள் முழுப் பொருத்தம் அபூர்வம். மாமன் மகளைக் கட்டியவருக்கு ஒரு வரிசை ஒத்துப்போக இடமுண்டு. அதற்காகச் சொந்தத்தில் கட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை!

பொருத்தம் குறைவு என்று கைவிட வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971-லேயே கிட்னி மாற்று சிகிச்சை வெற்றியாக நடந்தது. இன்று டி அணுவை அடக்கும் நல்ல மருந்துகள் இருப்பதால் மனைவி கொடுத்த கிட்னியும் கணவருக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் மாத்திரையை ஆயுசுக்கும் விடக்கூடாது. "உடம்பு தேறிடுச்சே" என்று தானாக நிறுத்தினால் டி அணு விழித்துக்கொள்ளும்.

பிள்ளை பெற்ற மனைவிக்குக் கணவர் கொடுப்பதானால் ஒரு கவனம் வேண்டும். கருவிலிருந்த குழந்தை மூலம் தகப்பனின் எச்.எல்.ஏ. அவள் ரத்தத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். அதற்கு எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கலாம். 'கிராஸ் மேட்ச்' பரிசோதனையில் இது தெரிந்துவிடும். நம் நாட்டில் உயிரோடு கிட்னி கொடுப்பவரில் பெண்களே அதிகம், பெறுபவரில் ஆண்களே அதிகம். ஆம்பிளைகளும் பரிசோதனைக்கு வாருங்கள்.

கிட்னியை விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தரகர் யாராவது வீடு தேடி வந்தால் திருப்பி அனுப்புங்கள். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரும் ரத்தமும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது இரண்டு பேருமாகப் போங்கள்.