கரும்புச் சக்கையில் இரு பயன்

நிலக்கரியை எரித்து மின்சாரம் தயாரிக்கும் அனல் மின் நிலையத்தில், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறி வீணாகிறது. அந்த வெப்பத்தை வேறொரு தொழிலுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் வெப்பம் மின்சாரத்தைப் போலக் கம்பியேறித் தொலைதூரம் செல்வதில்லை. வெப்பம் தேவைப்படும் இடத்திலேயே மின்சாரத்தையும் உண்டாக்கினால்தான் இரண்டும் பயன்படும். இதனையே இணை மின் உற்பத்தி என்கிறோம்.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று சர்க்கரை ஆலை. ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 300 கிலோ சக்கை மிஞ்சுகிறது. அதில் பாதி ஈரம். ஆயினும் ஒரு கிலோ சக்கையை எரித்து இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நீராவியைப் பெறலாம். ஆக, 600 கிலோவுக்குக் குறையாத நீராவி கிடைக்கிறது. சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாக்க 400 முதல் 500 கிலோ வரை போதும். அதுவும் குறைந்த அழுத்தத்தில் இருந்தாலே போதுமானது. எனவே உயர் அழுத்த நீராவியைக் கொண்டு முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுத்து, அழுத்தம் தணிந்து வெளிவரும் நீராவியைச் சாறு காய்ச்ச அனுப்புகிறார்கள்.

பழைய ஆலைகளும் இதைச் செய்தவைதாம். ஆனால் அவற்றின் கொதிகலன்கள் சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோ போன்ற குறைந்த அழுத்தத்தில் இயங்கின. சொந்தத் தேவைக்கு மட்டுமே மின்சாரம் கிடைத்தது. மிகுதியை வாங்குவாரில்லாத காலம் அது. சக்கையைக் குவித்து வைத்தால் தீப்பிடிக்குமோ என்ற அச்சம் வேறு. ஆகவே சிக்கனமாக எரிப்பதைவிட எரித்துத் தீர்ப்பதே நோக்கமாயிற்று! இன்று அழுத்தம் 67, 87, 110 கிலோ என உயர்ந்துள்ளது. அதே சக்கையிலிருந்து ஆலையின் தேவை போக, மின்தொகுப்புக்கும் விற்க முடிகிறது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும், இணை மின் உற்பத்தியை ஊக்குவிப்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களின் பணிகளுள் ஒன்றாக 86ஆம் பிரிவில் வைத்துள்ளது.

இதில் கரும்பு விவசாயிக்கும் பங்குண்டு. சர்க்கரை விலை சரியும்போது அவருக்குச் சேர வேண்டிய தொகைதான் முதலில் தாமதமாகிறது; மின்சாரம் விற்ற வருவாய் அந்நெருக்கடியைத் தணிக்கும். எனினும் மழை பொய்த்தால் கரும்பில்லை, கரும்பில்லையேல் சக்கையுமில்லை. கடன் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

சர்க்கரை ஆலைக்கு மட்டுமே உரியதன்று இம்முறை. புழுங்கல் அரிசி ஆலையில் நெல்லை வேகவைக்கவும் உலர்த்தவும் வெப்பம் வேண்டும். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகவே கிடைக்கிறது. காகித ஆலைகளும் சாய ஆலைகளும் நீராவியை நம்பியே நடக்கின்றன. இத்தகைய தொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள், மின் கட்டணத்தை மட்டும் பார்த்து இயந்திரத்தின் அளவை முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறென்பதே நம் கருத்து. நீராவித் தேவையே அளவைத் தீர்மானிக்க வேண்டும். நாளில் இரண்டொரு மணி நேரமே நீராவி தேவைப்படும் ஆலைக்கு இம்முதலீடு வேண்டாம் என்போம். வெப்பத்துக்கு வேலையில்லாத நேரத்தில் சிறிய டர்பைன், திறன் குன்றிய மின் நிலையமே அன்றி வேறில்லை.

ஆகவே கடன் கேட்டு வருமுன் ஓராண்டின் நீராவி, மின்சாரப் பயன்பாட்டை மாதவாரியாகக் குறித்துக்கொள்வது நலம். ஆலை ஓடாத நாட்கள் எத்தனை, அப்போது எரிபொருள் எங்கிருந்து வரும், மிகுதி மின்சாரத்தை யார், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு வாங்குவார்கள் என்பவற்றுக்கும் எழுத்தில் விடை இருக்கட்டும். கிளை மேலாளர் முதலில் கேட்பவை இவையாகவே இருக்கும்.