எல்லாம் ரெசியூமேயில் இருக்கிறதே!

ஆஸ்திரேலியாவில் அரசுத் துறை, கவுன்சில், பல்கலைக்கழகம் என்று எங்கே விண்ணப்பித்தாலும் பெரும்பாலும் ரெசியூமேயோடு இன்னொன்றும் கேட்பார்கள்: செலக்‌ஷன் கிரைட்டீரியா. வேலைக்கு வேண்டிய தகுதிகளை ஐந்தாறு வரிகளில் வரிசைப்படுத்தி, அவை உங்களிடம் இருப்பதை எழுதிக் காட்டச் சொல்வார்கள். இதைப் பற்றி நம்மவர் கூடும் இடமெல்லாம் இலவச ஆலோசனை கிடைக்கும். கோயில் அன்னதான வரிசையில் நின்றால்கூடப் போதும். அதில் கணிசமானது தவறு.

“எல்லாம் ரெசியூமேயில் இருக்கிறதே, மறுபடி எதற்கு?”

தேர்வுக் குழுவில் வழக்கமாக மூன்று பேர் இருப்பார்கள். ஒவ்வொரு தகுதிக்கும் தனித்தனியாக மதிப்பிடுவார்கள். ‘மருத்துவமனை வரவேற்பாளர், நான்கு ஆண்டுகள்’ என்ற ஒற்றை வரியைப் பார்த்து, இவருக்குப் புகார்களைத் தீர்க்கத் தெரியும் என்று அவர்களாக ஊகித்துக்கொள்ள மாட்டார்கள். ஊகிக்கவும் கூடாது, அது மற்ற விண்ணப்பதாரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

“நான், நான் என்று எழுதினால் தலைக்கனம் என்பார்கள்”

நம்மவர் அதிகம் சறுக்கும் இடம் இது. தன்னைப் பற்றித் தானே பேசுவது அழகில்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் சொந்தமாகச் செய்த வேலையைக்கூட ‘எங்கள் குழு செய்தது’ என்று எழுதிவிடுகிறோம். குழுவுக்கு மதிப்பெண் போட அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

‘புகார்களைக் கையாளும் திறன்’ என்று கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் பதில் இப்படி இருக்கும்: ‘வாடிக்கையாளர் சேவையில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. பொறுமையாகவும் இனிமையாகவும் பழகுவேன். எங்கள் குழு பல புகார்களை வெற்றிகரமாகத் தீர்த்துள்ளது.’ எந்தப் புகார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. (சாட்ஜிபிடியிடம் விட்டாலும் பெரும்பாலும் இதே பதிலைத்தான் இன்னும் பளபளப்பான ஆங்கிலத்தில் தரும்.)

அதே ஆள் இப்படி எழுதலாம்: ‘பல் மருத்துவமனை வரவேற்பில் இருந்தபோது, ஒரே நேரத்துக்கு இருவருக்கு முன்பதிவு ஆகிவிடுவதாகப் புகார்கள் வந்தன. மேலாளர் என்னைக் கவனிக்கச் சொன்னார். இரண்டு வாரப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். தொலைபேசியில் வாங்கும் பதிவுகளைத் தாளில் குறித்து, மதியத்துக்குப் பிறகே கணினியில் ஏற்றுவதுதான் காரணம் என்று தெரிந்தது. அழைப்பு முடியும் முன்பே ஏற்றிவிடும் நடைமுறையை எழுதி, மேலாளரின் ஒப்புதல் வாங்கி, வரவேற்பில் இருந்த மற்ற இருவருக்கும் பழக்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அத்தகைய புகார் ஒன்றும் வரவில்லை.’

இதில் தற்பெருமைச் சொல் ஒன்றாவது இருக்கிறதா? ‘சிறந்த’, ‘திறமையான’ எதுவும் இல்லை. ஆனால் ‘நான்’ செய்த வேலை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. சூழல், பணி, செயல், விளைவு என்று நான்கு படிகளில் சொல்லும் இந்த முறைக்கு அங்கே ஸ்டார் என்று பெயர். பலர் பாதி இடத்தைச் சூழலுக்கே செலவழித்து, நிறுவனத்தின் தலபுராணம் பாடிவிடுகிறார்கள். சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும். இடத்தைச் செயலுக்குக் கொடுங்கள். விளைவைச் சொல்ல எண்ணிக்கை கையில் இல்லையென்றால், என்ன மாறியது என்று சொன்னால் போதும். கற்பனையாக ‘40 சதவீதம்’ என்று போட்டால் நேர்முகத்தில் குடைவார்கள்.

“ஊர் அனுபவம் செல்லாது”

செல்லும், விளக்கினால். தாலுகா ஆபீஸ் என்றாலோ பிரதேச செயலகம் என்றாலோ கான்பெராவில் இருக்கும் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், என்ன சான்றிதழ் கொடுத்தீர்கள், யாருக்குப் பதில் சொன்னீர்கள் என்று எழுதினால் புரியும். லட்சமும் கோடியும் அங்கே புழக்கத்தில் இல்லை. 40 லட்சத்தை 4 மில்லியன் என்று எழுதுங்கள். செவிலியர், ஆசிரியர் போன்ற பணிகளுக்கு மட்டும் அந்நாட்டுப் பதிவு இல்லாமல் அனுபவத்தை வைத்து நுழைய முடியாது.

“குடியுரிமை இல்லாவிட்டால் அரசு வேலையே கிடையாது”

மத்திய அரசுத் துறைகளுக்குப் பொதுவாக அது வேண்டும். மாநில அரசு, கவுன்சில் வேலைகள் பலவற்றுக்கு நிரந்தர வசிப்புரிமை போதும். விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள்.

“ஆளை ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள், விளம்பரம் கண்துடைப்பு”

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் தற்காலிகமாக இருப்பவருக்குச் சாதகம் உண்டு; சொல்ல வேண்டிய உதாரணங்கள் அவர் கையிலேயே இருக்கின்றன. ஆனால் மத்திய அரசில் நியமனம் தகுதியின்படியே நடக்க வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் பொதுச் சேவைச் சட்டம். அவரும் விண்ணப்பித்து, அதே அளவுகோலில் தேற வேண்டும். இரண்டாம், மூன்றாம் இடத்தில் தேறியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அதே மாதிரியான வேறு இடங்களுக்கு 18 மாதங்கள் வரை கூப்பிடவும் வழி இருக்கிறது. விண்ணப்பிக்காமல் இருப்பவர் அந்த உள் ஆளுக்கு ஒரு போட்டியாளரைக் குறைத்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

“இப்போது கிரைட்டீரியாவே கேட்பதில்லை, ஒரு பக்கம் எழுதினால் போதும்”

பல துறைகள் தகுதிவாரியான பதில்களை விட்டுவிட்டு, ஒன்றிரண்டு பக்க ‘பிட்ச்’ கேட்பது உண்மைதான். ஆனால் அதைப் படிப்பவர் கையில் அதே தகுதிப் பட்டியல் இருக்கிறது. எதைத் தேடி அவர் படிக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், விளம்பரத்தின் அடியில் ஒரு தொடர்பு அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். இந்த வேலைக்கு வருபவர் முதல் ஆறு மாதத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். கேட்பதற்காகத்தான் அந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள்.